இரண்டு பஸ்ஸிலும் ஒரே நாற்றம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீயும் அண்ணியும் சின்னவளும் நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நீ போனில் வாயைத் திறந்த இரண்டாவது நிமிடமே நான் வைத்துவிட்டேன். பிறகு அண்ணி கூப்பிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இனிமே கடுதாசியில சண்டை போட்டுக்கோங்க, எனக்கு இந்த போன் மணி அடிச்சாலே படபடங்குது" என்றார். நல்ல யோசனைதான். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

எனக்குத் தெரியாமல் என் முதலாளிக்குக் கடிதம் எழுத உனக்கு யார் உரிமை கொடுத்தது? அவர் அதை என்னிடமே காட்டினார். இரண்டே வரி. என் தங்கைக்குச் சிறு வயதிலிருந்து வலிப்பு நோய் உண்டு, அவளைக் கத்தி உள்ள மெஷினில் நிறுத்த வேண்டாம். கீழே உன் முழுக் கையெழுத்து, ஏதோ நல்ல காரியம் செய்ததுபோல.

எட்டு வருடமாக இந்த அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறேன். நான் வெட்டிய ஒரு புத்தகத்தின் ஓரம்கூடக் கோணியதில்லை. மறுநாள் காலை என் மெஷினில் வேறொருவர் நின்றார். எனக்கு வாசல் பக்கம் ஒரு மேஜை. மருந்துப் புட்டி லேபிள்களை நூறு நூறாக எண்ணி ரப்பர் போட வேண்டும். ஏன் வாசல் பக்கம் என்று கேட்டேன். போகிற வருகிற எல்லார் கண்ணிலும் படுவாயே என்றார் முதலாளி.

எனக்குக் கடைசியாக வலிப்பு வந்து இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இது உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ கேட்டதே இல்லை. அம்மா இருந்தவரை அதற்கு நம் வீட்டில் பெயர்கூடக் கிடையாது. "அது வந்துச்சா?" என்பார். நீ அந்த அளவுக்குக்கூட வாயைத் திறந்ததில்லை. இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு அக்கறை?

நீ எழுதியது தப்பு என்று முதலாளிக்கு இன்னொரு கடிதம் எழுது. என் மெஷின் எனக்குத் திரும்ப வேண்டும். சின்னவளுக்கு என் முத்தம். உனக்கு ஒன்றும் இல்லை.

தங்கை

பிப்ரவரி 15

வாயாடித் தங்கைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் உடம்பு எப்படி? நேரத்துக்கு மாத்திரை போடுகிறாயா? சரியாகத் தூங்குகிறாயா? குளிக்கும்போது தாழ்ப்பாள் போடாதே என்று சொன்னது நினைவிருக்கிறதா?

உன்மேல் பகை வைத்து உன் முதலாளிக்கு எழுதவில்லை. உனக்கு ஏழு வயதில் குளியலறைக்குள் விழுந்து கிடந்தாயே, அந்தக் கதவை உடைத்தவன் நான். எனக்கு அப்போது பதினாறு. உள்ளே நீ தரையில் துடித்துக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். மெஷின் முன்னால் இருக்கிற ஆள் ஒரு நொடி இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் அறுபது பேரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டுகிறேன். நீ என்னைத் திட்டிக்கொள். விரல் பத்தும் இருந்தால் போதும்.

எனக்கு இங்கே வேறு தலைவலி. ஒரு மாதமாக என் பஸ்ஸில் ரப்பர் கருகும் நாற்றம். திடீரென்று குப்பென்று வரும், தேடுவதற்குள் போய்விடும். மெக்கானிக்கிடம் சொன்னேன். பிரேக்கைக் கழற்றினான், பெல்ட்டைப் பார்த்தான், ஒயரையெல்லாம் மோந்தான், "அண்ணே, பஸ்ஸு பிறந்த குழந்தை மாதிரி இருக்கு" என்கிறான். கண்டக்டருக்கும் நாற்றம் தெரியவில்லையாம். அவன் போடுகிற புகையிலைக்கு அவன் மூக்கு செத்துப் பல வருடம் ஆகியிருக்கும். இவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இன்னொரு கடிதமெல்லாம் எழுத மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 1

அண்ணனுக்கு,

நலம், நலம், நலம். எத்தனை தடவை கேட்டாலும் அதேதான்.

நீ கேட்ட வரிசையிலேயே பதில் சொல்கிறேன். மாத்திரை காலை எட்டு, இரவு எட்டு. ஒரு வேளை தவறினால் அன்று முழுக்க நானே எனக்குப் போலீஸ். பத்து மணிக்குப் படுத்துவிடுவேன். அச்சகத்தில் அவசர வேலை என்று யார் கெஞ்சினாலும் தூக்கத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன், அதற்காக எனக்குச் சோம்பேறி என்ற பட்டமும் உண்டு. குளியலறைத் தாழ்ப்பாளை நான்கு வருடம் முன்னால் நானே கழற்றிவிட்டேன். கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் என்று என்னோடு தங்கியிருக்கும் டீச்சருக்குத் தெரியும். ஸ்டூலில் உட்கார்ந்துதான் குளிக்கிறேன். தாழ்வான கட்டில். அடுப்பில் எப்போதும் பின்பக்கத்து பர்னர்தான். இதெல்லாம் எனக்குப் பல் தேய்ப்பதுபோலப் பழகிவிட்டது. இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்து, மெஷின். நீ அதைப் பார்த்ததுகூட இல்லை. அதற்கு இரண்டு பட்டன், வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால்தான் கத்தி இறங்கும். ஒரு கை எடுபட்டாலும் நின்றுவிடும். நான் விழுந்தால் கை எடுபடும், கத்தி நிற்கும், அவ்வளவுதான். பக்கத்தில் பைண்டர் அக்கா எப்போதும் இருப்பார். அவருக்கு மட்டும் முதல் வருடமே சொல்லிவிட்டேன். கடைசித் தடவை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்தபோதும் அவர்தான் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் திணிக்காமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அட்டை ஒட்டுற பசையை எங்கடி வச்ச?" என்பதுதான். அப்படி ஒரு ஆள் போதும் எனக்கு.

இப்போது அச்சகமே என்மேல் கருணை மழை பொழிகிறது. தாங்க முடியவில்லை. புரூஃப் பார்க்கிறவர் மணிக்கு ஒரு தடவை வந்து தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார். நீங்கள் கேட்டுக் கேட்டுத்தான் சுற்றுகிறது என்றேன். அதற்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். முதலாளியிடம் நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லியிருந்தால் அது ஒரு தகவல். நீ சொன்னதால் அது புகாராகிவிட்டது. தயவுசெய்து எழுது.

தங்கை

மார்ச் 19

தங்கைக்கு,

சுகம். சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது, உன்னிடம் சொல்லச் சொன்னாள்.

பட்டன் கதையெல்லாம் என்னிடம் வேண்டாம். எந்த மெஷினும் என்றைக்காவது கோளாறாகும், அன்றைக்குப் பார்த்து உனக்கும் வரும்.

என் கதையைக் கேள். நாற்றத்தைப் பற்றி டிப்போ மேனேஜருக்கு எழுத்தில் கொடுத்தேன். மனுஷன் சலித்துப்போய் பஸ்ஸையே மாற்றிக் கொடுத்துவிட்டார். புத்தம் புது பஸ், இருக்கையில் பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்கவில்லை. மூன்றாம் நாள் அதிலும் அதே நாற்றம்! எந்தக் கம்பெனி ரப்பரோ தெரியவில்லை, எல்லா வண்டிக்கும் ஒரே மட்டமான சரக்கு. மறுபடியும் எழுதிக் கொடுத்தேன். இப்போது டிப்போவில் எனக்குப் பெயர் "மூக்கு". மூக்கு வந்தாச்சா, மூக்கு சாப்பிட்டாச்சா என்கிறார்கள்.

கண்டக்டர் வேறு. போன செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூட நிறுத்தத்தில் மணி அடிக்கவே இல்லை, நான் தாண்டிப் போய்விட்டேன். உள்ளே ஒரே கூச்சல். மூன்று தடவை அடித்தேன் என்று சாதிக்கிறான். பொய்யன். வீட்டுக்கு வந்தால் உன் அண்ணி. பேசிக்கொண்டே இருக்கும்போது நான் பாதியில் நின்றுவிடுகிறேனாம், கூப்பிட்டால் காதில் விழுவதில்லையாம். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆனால் எந்தப் புருஷனுக்கும் அப்படித்தான் என்றேன். இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அண்ணன்

மார்ச் 25

அண்ணா,

உன் கடிதம் இன்று வந்தது, இன்றே எழுதுகிறேன். சண்டையை ஓரமாக வை. கேட்பதற்கு மட்டும் பதில் சொல்.

அந்த நாற்றம் எவ்வளவு நேரம் இருக்கும்? அது போன பிறகு உடம்பு அசதியாக இருக்கிறதா? பள்ளிக்கூட நிறுத்தத்தைத் தாண்டினாயே, அதற்கு முன்னால் நாற்றம் வந்ததா? நீ பாதியில் நிற்கும்போது வாய் மெல்லுவதுபோல அசைகிறதா, சட்டைப் பொத்தானைத் திருகுகிறாயா என்று அண்ணியிடம் கேள்.

நீ பார்த்ததெல்லாம் நான் தரையில் துடிப்பதைத்தான். அதற்கு முன்னால் எனக்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, அதனால் நீ அறிய வழியில்லை. எனக்கு நாக்கில் இரும்புச் சுவை வரும், ஆணியைச் சப்பியதுபோல. சில நாள் சுவை மட்டும் வந்துவிட்டுப் போய்விடும். சில நாள் ஒரு நிமிடம் நான் இருந்த இடத்திலேயே இருக்க மாட்டேன், கண் திறந்திருக்கும், நின்றபடியே நிற்பேன். விழுவது மட்டும்தான் வலிப்பு என்று நினைக்காதே. டாக்டரின் அறை வாசலில் காத்திருக்கும்போது ஒரு தையல்காரர் சொன்னார், அவருக்குத் துணி தீயும் வாடை வருமாம். அவர் இஸ்திரிப் பெட்டியை மூன்று தடவை மாற்றினாராம்.

இரண்டு பஸ்ஸிலும் ஒரே நாற்றம் என்றால் நாற்றம் பஸ்ஸில் இல்லை அண்ணா.

ஒரு நரம்பு டாக்டரைப் பார். பார்க்கும்வரை ஓட்டாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், நான் கெஞ்சுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

தங்கை

ஏப்ரல் 4

தங்கைக்கு,

நலம்.

உன் வியாதியை என் தலையில் கட்டாதே. உன்னை மெஷினிலிருந்து இறக்கியதற்கு என்னை பஸ்ஸிலிருந்து இறக்கிப் பார்க்க ஆசைப்படுகிறாய். பதினாறு வருடமாக ஓட்டுகிறேன், ஒரு கோழிக்குஞ்சின் மேல்கூட ஏற்றியதில்லை. எனக்கு நாற்பத்தொரு வயது. இதெல்லாம் இந்த வயதில் புதிதாக வருமா? இனி இதைப் பற்றி எழுதுவதானால் எழுதாதே.

அண்ணன்

ஏப்ரல் 12

அண்ணா,

எந்த வயதிலும் வரும். என் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்லவில்லை.

நான் பழி வாங்குவதாக எழுதியிருந்தாய். உண்மையைச் சொல்கிறேன், உன் மார்ச் கடிதத்தைப் படித்தபோது ஒரு அரை நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் பள்ளிக்கூட நிறுத்தம் என்ற வார்த்தை கண்ணில் பட்டது. உடனே பேனாவை எடுத்து உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மருந்து இருக்கிறது. எனக்குக் கேட்டதுபோல உனக்கும் கேட்கலாம். ஆனால் ஸ்டியரிங்குக்கு இரண்டு பட்டன் கிடையாது. நீ கையை எடுத்தால் பஸ் நிற்காது.

பதில் எழுது.

தங்கை

மே 3

அண்ணா,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. போன் அடித்தால் அண்ணி எடுத்து, நீ குளிக்கிறாய் என்கிறார். எப்போது அடித்தாலும் குளிக்கிறாய். தோல் உரிந்துவிடப்போகிறது.

என் செய்தியைச் சொல்கிறேன். நீ எழுத மாட்டாய் என்று தெரிந்ததும் நானே முதலாளி முன்னால் போய் உட்கார்ந்தேன். எனக்கு என்ன நோய், என்ன மருந்து, வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தேன். மெஷினை ஓட்டிக் காட்டி, பாதியில் ஒரு கையை எடுத்தேன். கத்தி நின்றது. அவர் தானே வந்து இரண்டு தடவை செய்து பார்த்தார். இப்போது காலையில் மட்டும் மெஷின், மதியம் லேபிள். முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை, இருந்தாலும் பரவாயில்லை. ஒளித்துவைத்திருந்த எட்டு வருடமும் வயிற்றில் ஒரு கல் கிடந்தது, அது இப்போது இல்லை.

அதையே நீயும் செய். மேனேஜரிடம் நீயே போய்ச் சொல். மே 20 வரை பார்ப்பேன். அதற்குள் நீ சொல்லவில்லை என்றால் நான் எழுதுவேன். எழுதி வைத்தும்விட்டேன், மேஜை மேல்தான் இருக்கிறது. நீ எழுதியதுபோலவே அதுவும் இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. ஆனால் உனக்குத் தெரியாமல் அனுப்ப மாட்டேன்.

தங்கை

மே 11

அன்பு நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே சின்னவள் நலம். மற்றதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

உன் கடிதங்களை எல்லாம் அவர் படிக்கிறார். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்கிறார். துவைக்கும்போது எடுத்து வைப்பவள் நான்தான், நானும் படித்தேன். நீ கேட்டது எல்லாம் உண்மை. வாய் மெல்லுகிறது. பொத்தானைத் திருகுகிறார். ஞாயிற்றுக்கிழமை சின்னவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தவர் பின்னலைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். அவள், "அப்பா, வலிக்குது, விடு" என்று கத்தியும் விடவில்லை. பிறகு என்னைப் பார்த்து, ஏன் பிள்ளை அழுகிறாள் என்று கேட்டார்.

ஆனாலும் டிப்போவுக்கு எழுதிவிடாதே அம்மா. பஸ்ஸை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? வெளியே நாலு பேருக்குத் தெரிந்தால் நாளைக்குச் சின்னவளையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்கள். இப்போது நாற்றம் வருவதில்லை என்று சொல்கிறார். சொல்லும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை. கொஞ்சம் பொறு.

அண்ணி

மே 21

அண்ணனுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தத் தடவை முறைக்காக எழுதவில்லை.

இன்று காலை வேலைக்குப் போகும் வழியில் உன் மேனேஜருக்கான கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டேன். அதன் நகல் இது: "உங்கள் டிப்போவில் பஸ் ஓட்டும் என் அண்ணனுக்கு வலிப்பு நோய் இருக்கலாம் என்று அஞ்சுகிறேன். மருத்துவர் பார்க்கும்வரை அவரை பஸ் ஓட்டவிட வேண்டாம்." என் முழுக் கையெழுத்தைப் போட்டிருக்கிறேன்.

தபால்பெட்டி முன்னால் பத்து நிமிடம் நின்றேன். எனக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வாசல் பக்கத்து மேஜை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உன்னை அதில் உட்கார வைக்கிறேன். உன்மேல் எனக்கு இருந்த கோபம் தீர்ந்துபோய், உன் கோபத்துக்கு நான் ஆளாகிறேன். திட்டு. வாழ்நாள் முழுக்கப் பேசாமல் இரு. அந்த பஸ்ஸில் மட்டும் ஏறாதே.

அண்ணியிடம் சொல், பொறுக்க முடியவில்லை என்று.

தங்கை

ஜூலை 14

அன்புள்ள தங்கைக்கு,

நலமா? இங்கே அண்ணியும் சின்னவளும் நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று கீழே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே மேனேஜர் கூப்பிட்டு, சாவியை மேஜைமேல் வைக்கச் சொன்னார். கத்தினேன். என் தங்கைக்குத்தான் வியாதி, எனக்கில்லை என்றேன். அறைக்கு வெளியே மெக்கானிக், கண்டக்டர் எல்லாரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதைச் சொன்ன என் வாயை என்ன செய்வது என்று ஏழு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் எழுதவில்லை.

தலையெல்லாம் கம்பி ஒட்டிச் சோதித்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். நீ சொன்னதுதான். மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. நாளெல்லாம் தூக்கம் தூக்கமாக வருகிறது. டிப்போவில் டயர் வருகிறதையும் போகிறதையும் குறிக்கும் வேலை. பஞ்சு மெத்தையில் வைத்ததுபோல என்னைத் தாங்குகிறார்கள். கண்டக்டர் கழிவறை வரைக்கும் பின்னால் வந்து வெளியே நின்று, "அண்ணே, இருக்கீங்களா?" என்று குரல் கொடுக்கிறான். அவனை அறையலாம் போல இருக்கிறது. மூன்று தடவை மணி அடித்தது உண்மைதான் என்று அவனிடம் ஒத்துக்கொண்டேன்.

டாக்டர் எப்போதிலிருந்து என்று கேட்டார். உனக்கு ஒரு மாதம் என்று எழுதினேன் அல்லவா? பொய். அவரிடம் எட்டு மாதம் என்று சொன்னேன். பஸ்மேல் பழியைப் போட்டால் நிம்மதியாக இருந்தது.

இன்னொன்று, இதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. ஜனவரியில் ஒரு காலை, பாலத்தின் இந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டிருந்தேன், அடுத்து எனக்குத் தெரிந்தபோது அந்தப் பக்கம் இருந்தேன். நடுவில் பாலம் இல்லை. பஸ் நேராகத்தான் போயிருக்கிறது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை, ஒரு அம்மாள் இறங்கும்போது நன்றிகூடச் சொன்னார். மதியம் வீட்டுக்கு வந்தேன். யாருக்காவது எழுத வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்து உன் முதலாளிக்கு எழுதினேன். என்னைப் பற்றி மேனேஜருக்கு எழுதியிருக்க வேண்டும், அதற்குப் பதிலாக உன்னைப் பிடித்து மெஷினிலிருந்து இறக்கிவிட்டேன். எழுதி முடித்ததும் மனசு லேசாகி, சாயங்கால ஷிப்டுக்குப் போய் பஸ் எடுத்தேன். இதற்கு மன்னிப்புக் கேட்டால் உனக்குக் கோபம்தான் வரும். இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று மறுபடியும் அந்த நாற்றம் வந்தது. மாத்திரை போட்டும் வந்தது. டயர் அடுக்கிய அறையில் தனியாக இருந்தேன், எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு ஏழு வயதிலிருந்து இது இருக்கிறது. அந்த இரும்புச் சுவை வரும்போது நீ என்ன செய்வாய்? யாரைக் கூப்பிடுவாய்? எனக்குப் பயமாக இருக்கிறது. திட்டியாவது பதில் எழுது.

அண்ணன்